வளர்மதி பேர்ல ஒரு கனெக்‌ஷன்

வாங்க தம்பி, வாங்க. செருப்பை உள்ளாரயே விடுங்க, வெளிய விட்டா நாயி தூக்கிட்டுப் போயிரும். இன்னைக்கும் நீங்கதான் வந்தீங்களா? நல்லதாப் போச்சு. புது ஆளா இருந்தா மொதல்ல இருந்து சொல்லோணும். பொட்டி அந்தா, பீரோவுக்குப் பின்னால. காத்தால இருந்து நெட்டு இல்லீங்க, செவப்பு லைட்டு எரியுது. நல்லாப் பாருங்க. நான் ஒண்ணும் தொடலீங்க.

வயரு கழண்டிருக்குதுங்களா? எலியா இருக்கும். போன வாரமும் எலின்னுதான் சொன்னனுங்களா? அதே எலிதானுங்க, வேறென்ன.

அதுக்குள்ள சரியாயிருச்சா? இருங்க இருங்க, உடனே கெளம்பாதீங்க. டீக்கு ஆள் அனுப்பியிருக்கறேன். ஒக்காருங்க, அந்த ஃபைலையெல்லாம் தள்ளி வெச்சுட்டு ஒக்காருங்க. அது பூராப் பொண்ணு ஜாதகம், இது பூரா மாப்பிள்ளை ஜாதகம். மார்கழி பாருங்க, நம்ம தகவல் மையத்துக்கு ஈ காக்கா எட்டிப் பாக்காது. தை பொறந்தா இந்த நாற்காலியில எடம் கெடைக்காது. கோபியில இருவத்திரண்டு வருசமா இந்தத் தொழில்தான். குழந்தைவேலுன்னா பவானி வரைக்கும் தெரியும்.

என்ன கேட்டீங்க? ஒரு மாசத்துல நாலு தடவை ஒரே வயரு எப்படிக் கழலுதுன்னுங்களா?

சொல்றேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. ஆனா நீங்க அங்க போயி யாருகிட்டயும் சொல்லப்படாது.

உங்க கம்பெனியில, கோயமுத்தூர் ஆபீஸ்ல, போன்ல கம்ப்ளைண்ட் கேக்கறாங்கல்ல, அதுல மோகனான்னு ஒரு பொண்ணு இருக்குது, தெரியுங்களா? முழுப்பேரு மோகனப்பிரியா. தெரியுமா? நல்லாப் பேசுமா? அது என்ற பொண்ணுங்க. ஒரே பொண்ணு. வளர்மதின்னு கனெக்‌ஷன்ல ஒரு பேரு இருக்குதுல்ல, அது அவளோட அம்மா.

அட, ஏன் எந்திரிச்சீங்க? ஒக்காருங்க தம்பி. டீ வந்துரும்.

என்ற மேல தப்பு இல்லீங்க. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

பொண்ணு கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சுட்டு ரெண்டு வருசம் வீட்டுல இருந்துச்சு. நானும் வரன் பாத்துட்டே இருந்தேன். ஊருக்கெல்லாம் முடிச்சுக் குடுக்கறவனுக்குத் தன் வீட்டுல ஒண்ணு அமையலீங்க, அது ஒரு பக்கம் கெடக்கட்டும். போன வைகாசியில வந்து நின்னா. "அப்பா, நான் வேலைக்குப் போறனுங்கப்பா. சப்போர்ட் வேலை. கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆச்சுன்னா, நெட்டு வரலைன்னா, போன்ல சொல்லி சரி பண்ணிக் குடுக்கறது. அதுக்கு அடிப்படையா ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டா எடுத்துக்குவாங்க"ன்னா. என்ன சர்டிபிகேட்டுன்னு கேட்டா, ஏ பிளஸ்ஸுன்னா. அதென்ன கண்ணு ரத்த குரூப் மாதிரி இருக்குதுன்னேன். சிரிச்சா. அன்னைக்குச் சிரிச்சதுதானுங்க.

நான் வேண்டாம்னு சொல்லலீங்க. எங்கேயும் ஒருக்காகூட வேண்டாம்னு சொல்லலை. விசாரிச்சுட்டுச் சொல்றேன்னேன். அது தப்புங்களா? நாம ஒரு வரனை எடுத்தா மூணு பக்கம் விசாரிக்காம முடிப்பமா? மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து மளிகைக்கடையில விசாரிப்போம், வேலை செய்யற எடத்துல விசாரிப்போம், குடிக்கறானான்னு பார் வாசல்லயே போயி நிப்பேன் நானு. அப்படிப்பட்டவன் பெத்த பொண்ணு படிக்கற படிப்பை விசாரிக்காம உடுவனா?

நம்மகிட்ட வர்ற மாப்பிள்ளைகள்ல பாதிப்பேரு கம்ப்யூட்டர்க்காரனுகதான். ஜாதகம் வாங்கறப்பவே ஒரு வார்த்தை கேட்டுருவேன். "தம்பி, எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஒரு சர்டிபிகேட் எடுக்கோணும், எது நல்லது?" கனடாவுல இருக்கறவன் நெட்வொர்க்குன்னான். சரின்னு அந்தப் புஸ்தகத்தை வாங்கிக் குடுத்தேன். ஏ பிளஸ் புஸ்தகத்தை எடுத்து பீரோவுக்கு மேல வெச்சுப்போட்டு இதைப் படி கண்ணுன்னேன். ரெண்டு மாசம் படிச்சா. ஆவணியில பெங்களூர்க்காரன் ஒருத்தன் வந்தான், அனுஷம், நல்ல பையன். அவன் சொன்னான், "ஐயா, இனிமே எல்லாம் கிளவுடுதானுங்க, நெட்வொர்க் படிச்சு என்ன பண்றது?" எனக்குப் பக்குன்னு ஆயிப்போச்சு. ரெண்டு மாசம் வீணாப் போச்சேன்னு அன்னைக்கே மாத்திட்டேன். புரட்டாசியில கல்யாண வேலை கெடையாது, சும்மா ஒக்காந்திருந்தனா, போன்ல நானே தேடிப் பாத்தேன். செக்யூரிட்டின்னு ஒண்ணு இருக்குதுங்க, திருடன் கம்ப்யூட்டருக்குள்ள வராமக் காவல் காக்கறது. மதிப்புன்னா அதுக்குத்தான் மதிப்புன்னு போட்டிருந்தாங்க.

நோட்டுப் போட்டு எழுதினனுங்க. பொருத்தம் பாக்கற மாதிரியே. எந்தப் பரீட்சை, எத்தனை நாளுப் படிக்கோணும், வெளிநாட்டுல செல்லுமா, பேரைக் கேட்டா எடுத்ததும் மதிப்பு வருமா. ஏழு பரீட்சையில ஏ பிளஸ்ஸுக்குத்தான் பொருத்தம் நெம்பக் கம்மி. நானா ஒண்ணும் சொல்லலை, நோட்டு சொல்லுச்சு.

பொண்ணு என்ன சொன்னான்னுங்களா? "அதெல்லாம் வேலைக்குப் போன பின்னால எடுக்கறதுங்கப்பா. எனக்கு வேண்டியது மொத வேலை. வாசப்படியே ஏறாம மாடிக்கு எப்படிங்கப்பா போறது"ன்னா. பேச்சு நல்லாத்தான் பேசுவா. ஆனா அவளுக்குத் தெரியாது பாருங்க, பயோடேட்டாவுல நானு எழுதோணுமல்ல. போன்ல கம்ப்ளைண்ட் கேக்கற பொண்ணுன்னு எழுதி ஒரு வீட்டுக்கு அனுப்பிச்சேன். அந்தம்மா கேக்குது, "ஏனுங்க, கண்டவன் திட்டறதையெல்லாம் கேட்டுட்டு ஒக்காந்திருக்கற வேலையா?"ன்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? மறுநாளே பயோடேட்டாவை மாத்தி, கிளவுட் இன்ஜினியர்னு போட்டு, படித்துக்கொண்டிருக்கிறார்னு சின்ன எழுத்துல போட்டேன். தொழில்ல எல்லாரும் பண்றதுதானுங்க. அதை அவ பாத்துட்டா.  பீரோவுக்கு மேல இருந்த புஸ்தகத்தை ஸ்டூல் போட்டு எடுத்துட்டுப் போயிட்டா.

அந்தப் பரீட்சை ரெண்டு பேப்பருங்க. மொதப் பேப்பரை எங்கிட்டச் சொல்லாமயே போயிப் பாஸ் பண்ணிட்டு வந்துட்டா. அம்மாகாரிக்கு மட்டும் தெரியும். ரெண்டாவதுதான் பாக்கி. அந்த நேரத்துல கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில ஆள் எடுக்கறாங்கன்னு வந்துச்சு. டாக்டர்மார், நர்ஸம்மா எல்லாம் உபயோகப்படுத்தற கம்ப்யூட்டருக்கு உதவி பண்ற வேலை. திங்கக்கெழமைக்குள்ள ரெண்டு பேப்பரும் முடிச்சதைக் காட்டினா நேரா நேர்முகத்துக்குக் கூப்புடறோம்னுட்டாங்க. இவ வெள்ளிக்கெழமை பதினோரு மணிக்குப் பரீட்சை புக் பண்ணிட்டா.

வெள்ளிக்கெழமை. பதினோரு மணி. நீங்களே சொல்லுங்க தம்பி.

பத்தரைல இருந்து பன்னண்டு ராகு காலமுங்க! போதாததுக்கு அன்னைக்கு அவளுக்குச் சந்திராஷ்டமம். இருவத்திரண்டு வருசமா ஊருக்கு நாளு குறிச்சுக் குடுக்கறவன் என்ற பொண்ணை ராகு காலத்துல பரீட்சைக்கு அனுப்பறதா? அவ அந்தப் பரீட்சைக் கணக்கைத் தொறந்தது இந்தா, இந்தக் கம்ப்யூட்டர்லதான். பாஸ்வேர்டு அதுலயே இருந்துச்சு. புதன்கெழமை சாயங்காலம் ஒக்காந்து அடுத்த வாரம் வியாழக்கெழமைக்கு மாத்திப்போட்டேன். பத்தரை மணி. குளிகை முடிஞ்சு சுத்தமான நேரம். அழகா மாத்திக் குடுத்துச்சுங்க, ஒண்ணும் கேக்கலை.

சொல்லோணும்னுதான் இருந்தேன். சத்தியமா. மறுநாள் வியாழக்கெழமை சத்தியமங்கலத்துல ஒரு பொண்ணு பாக்கற வேலை, இழுத்துட்டுப் போயிருச்சு. வீட்டுக்கு வர்றப்ப அவ தூங்கிட்டா. வெள்ளிக்கெழமை நான் எந்திரிக்கறதுக்குள்ள பஸ் ஏறிட்டா. அங்க போயி, பரீட்சை மையத்துல, இன்னைக்கு லிஸ்ட்ல உன்ற பேரு இல்லைம்மான்னுட்டாங்க.

போன் பண்ணினா. "அப்பா, நீங்களா மாத்துனீங்க?" ஆமா கண்ணு, ராகு காலம்னேன்.  பஸ் ஹாரன் மட்டும் கேக்குது. ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட ஒரு நாலு நாளு சேத்துக் கேளு, நல்ல காரியத்துக்கு யாரும் மாட்டேங்கமாட்டாங்கன்னு சொன்னேன். வெச்சுட்டா.

அவுங்க வேற ஆளை எடுத்துட்டாங்க. அந்த வேலை போயிருச்சு.

நான் மாத்திக் குடுத்த வியாழக்கெழமைக்கும் அவ போகலை. அதையும் மாத்திட்டா. செவ்வாக்கெழமை மத்தியானம் மூணரைக்கு. செவ்வாக்கெழமை மூணுல இருந்து நாலரை என்னன்னு காலண்டரைப் பாருங்க. வேணும்னேதான் பண்ணியிருக்கறா. பாஸும் ஆயிட்டா. சரி, அதுல என்ன சொல்றது, ஜாதகத்துல புதன் நல்லா இருக்குது.

அப்பறம் கார்த்திகை மொத வாரத்துல உங்க கம்பெனியில எடுத்துக்கிட்டாங்க. ஒரு பையைத் தூக்கிட்டு ஹாஸ்டலுக்குப் போயிட்டா. போறப்ப எங்கிட்டச் சொல்லலை. அம்மாகிட்டத் தெனம் பேசறா. நான் போனை வாங்கி "கண்ணு"ன்னா, கட் ஆயிருது. நானே கூப்புட்டா எடுக்கறதில்லை. என்ன தம்பி பண்றது? சொல்லுங்க. பெத்தவன் பரீட்சைத் தேதியை மாத்தினது ஒரு கொலைக் குத்தமா?

வீட்டுல இருக்க முடியலீங்க. இங்க வந்தாலும் இருக்க முடியலை. மார்கழியில ஒரு ஆளு வந்தாத்தானே பேசறதுக்கு? ஜாதகத்தை எடுப்பேன், வெப்பேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடப்பேன், கோயமுத்தூர் பஸ்ஸைப் பாப்பேன், திரும்பி வருவேன். ஒரு நாள் உங்க விளம்பரம் பாத்தேன். கனெக்‌ஷன் எடுத்தா எந்நேரமும் உதவிக்குப் பேசலாம்னு நம்பர் போட்டிருந்துச்சு. பழைய லைனு நல்லாத்தான் இருந்துச்சு. அன்னைக்கே எடுத்துப்போட்டு உங்க லைனை மாட்டச் சொல்லிட்டேன். என்ற பேர்ல எடுத்தா கண்டுபுடிச்சுருவான்னு வளர்மதி பேர்ல எடுத்தேன்.

ஆமாங்க. எலி இல்லீங்க. நாந்தான் புடுங்கி உடறேன்.

சிரிக்காதீங்க தம்பி. வேற எப்படிங்க பேசறது? கோபிப் பக்கத்துக் கம்ப்ளைண்ட்டை நாலு பேருதான் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன். வேற கொரலு வந்தா வெச்சுருவேன். மறுபடியும் போடுவேன். நாலாவது அஞ்சாவது தடவையில அவ வருவா. "வணக்கம் சார், நான் மோகனப்பிரியா பேசறேன், உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

அந்தக் கொரலை நான் கேட்டதே இல்லீங்க. இருவத்திமூணு வருசமா வீட்டுல கேட்ட கொரலு வேற. இது நின்னு பேசற கொரலு. நான் தொண்டையைக் கனைச்சு, கொரலை மாத்தி, மேனேஜர் ராமசாமி பேசறேன்னு சொல்லுவேன். நெட்டு வரலைம்மா. "பதட்டப்படாதீங்க சார், நான் லைன்லயே இருக்கறேன்"னு சொல்லுவா. லைன்லயே இருக்கறாளாமா. என்ற போனை எடுக்காத புள்ள, லைன்லயே இருக்கறேங்குது. நான் என்னத்தைப் பேசறது? செவப்பு லைட்டும்மாம்பேன்.

அவளுக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. நான் அப்படிப் பேசறேன். மத்தவங்கல்லாம் எடுத்ததும், நான் வெக்கறதுக்குள்ளயே, விலாசத்தைச் சரிபாக்கோணும் சொல்லுங்கன்னு கேக்கறாங்க, இவ ஒருக்காகூட விலாசம் கேட்டதில்லை. வேலையில அவ்வளவு சுறுசுறுப்பு. ஒரு நாளு, "சார், கண்ணாடி போட்டுட்டுப் பாருங்க, பொட்டிக்கு அடியில எழுத்துப் பொடிசா இருக்கும்"ங்கறா. எனக்குக் கண்ணாடி உண்டுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? வயசானவங்க கொரலைக் கேட்டா அப்படிச் சொல்லோணும்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க. இன்னொரு நாளு, "பீரோவுக்குப் பின்னாடி கையை உடாதீங்க சார், அந்தப் பிளக்குல ஷாக் அடிக்கும், ஸ்கேல்ல தள்ளுங்க"ன்னா. பாருங்க, ஆபீஸுன்னா பீரோ இருக்கும், பின்னாடி பிளக் இருக்கும்னு போன்லயே கணிச்சுட்டா. பெரிய கெட்டிக்காரிங்க. அன்னைக்கு ராத்திரிச் சோறு திங்கறப்ப வளர்மதிகிட்டச் சொல்லிச் சொல்லி மாஞ்சுட்டேன். அவ என்னையே பாத்துட்டு, "உங்களுக்கு ஒண்ணும் புரியாதுங்க"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அவளுக்குத்தான் இந்த டெக்னிக்கல் சமாச்சாரம் ஒண்ணும் புரியாது.

பதினோரு தடவை பேசியிருக்கறேன் இந்த மாசம். பாதிக்கு மேல அவ சொல்லச் சொல்ல நானே மாட்டிருவேன், மிச்சத்துக்குத்தான் நீங்க வந்தது. நாளைக்கு ஒண்ணு போடலாம்னு இருந்தேன், கையி நிக்கலை, இன்னைக்கே போட்டுட்டேன்.

என்னுங்க தம்பி? மொகம் ஏன் இப்படி ஆகுது?

ரிப்பீட்டா? அப்படின்னா?

இருங்க. மெதுவாச் சொல்லுங்க. ஒரே வீட்டுல இருந்து ஒரே கம்ப்ளைண்ட் திரும்பத் திரும்ப வந்தா… மொதல்ல பேசினவங்க சரியா முடிச்சுக் குடுக்கலைன்னு அர்த்தமா? அவுங்க பேர்ல விழுமா? நாந்தானே வயரைப் புடுங்கறேன், அவ பேர்ல எப்படிங்க விழும்? கம்ப்யூட்டருக்கு அது தெரியாதா? தெரியாதா…

பதினொண்ணுமா?

ட்ரெய்னிங்ல இருக்கறவங்களுக்கு எத்தனை வரைக்கும் உடுவாங்க? மூணா. இந்த மாசக் கடைசியில பாப்பாங்களா. யாரை வெச்சுக்கறது, யாரை அனுப்பறதுன்னு. இன்னும் நாலு நாளு.

அட கடவுளே.

அப்ப அவ சொல்லியிருக்கலாமுல்ல? இந்தக் கஸ்டமர் வேணும்னே பண்றாரு, இந்த நம்பரை எடுக்காதீங்கன்னு மேல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல? உங்ககிட்டக்கூட அவ ஒண்ணும் சொல்லலையா? யாருன்னு தெரியாததுனால சொல்லாம உட்டிருப்பா.

என்னது? கூப்புட்ட உடனே அவுங்க ஸ்கிரீன்ல வந்துருமா? பேரு, விலாசம், எல்லாமா? பேசறதுக்கு முன்னாலயே? வளர்மதி, குழந்தைவேலு தகவல் மையம், கச்சேரி வீதி… அப்படியே வருமா?

இருங்க தம்பி. ஒரு நிமிசம். எனக்கு ஒண்ணும் இல்லீங்க. தண்ணிச் சொம்பு அந்தப் பக்கம் இருக்குது, எடுங்க.

தெரிஞ்சேதான் பேசியிருக்கறா. மொத நாள்ல இருந்தே. ராமசாமின்னு நான் சொல்றப்பல்லாம், "சரிங்க ராமசாமி சார்"னு எழுதிக்கிட்டு, என்ற கண்ணாடியைப் போடச் சொல்லி, எனக்கு ஷாக் அடிக்காமப் பாத்துக்கிட்டு… பேரு கெட்டாலும் பரவாயில்லைன்னு ஒக்காந்திருக்கறா. நானு கெட்டிக்காரனாட்டம் கொரலை மாத்திப் பேசிட்டிருந்திருக்கறேன். ஒரு வேலையை ராகு காலம் பாத்துக் கெடுத்தேன். ரெண்டாவது வேலையைப் பாசத்தைக் காட்டிக் கெடுத்துட்டிருக்கறேன். எந்தச் சர்டிபிகேட் நல்லதுன்னு ஊரு பூரா விசாரிச்சனே, இந்தப் புள்ளையை ஒருக்கா விசாரிச்சனா நானு?

இப்ப என்ன பண்றதுங்க? சொல்லுங்க. நீங்க எழுதிக் குடுத்தாப் போதுமா? போதாதா. கஸ்டமரே சொல்லோணுமா. போன்ல சொன்னாப் பதிவாகுமா? அதை மேல இருக்கறவங்க கேப்பாங்களா? கேப்பாங்கல்ல? சரி. நீங்க உங்க போன்ல வேலை முடிஞ்சதுன்னு அமுக்குங்க. அமுக்கினா, சரியாயிருச்சான்னு கேட்டு கம்ப்ளைண்ட் எடுத்தவங்களே கூப்புடுவாங்கல்ல? இன்னைக்கு எடுத்தது அவதான். அமுக்குங்க தம்பி, யோசிக்காதீங்க.

வருது. போனு வருது. இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன்… ஆ.

ஹலோ. ஆமாங்க. ஆமாங்க, கம்ப்ளைண்ட் குடுத்த எடந்தானுங்க. ஆளு வந்து பாத்தாச்சுங்க. இல்லீங்க, ராமசாமி இல்லீங்க. குழந்தைவேலு பேசறேன்.

இல்லீங்கம்மா, வெச்சுறாதீங்க. நான் ஒண்ணு சொல்லோணும், இது பதிவாகுதில்லீங்க? நல்லாப் பதிவாகட்டும். உங்க லைன்ல ஒரு கோளாறும் இல்லீங்க. மொத நாள்ல இருந்தே இல்லை. இந்த மாசம் பதினோரு தடவையும் நாந்தான் வயரைப் புடுங்கி உட்டேன். பேசறதுக்கு ஆளு இல்லாமப் பண்ணிப்போட்டேன். உங்க பேர்ல ஒரு தப்பும் இல்லீங்க. ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் சொன்னீங்க. அந்தப் பதினொண்ணையும் உங்க பேர்ல இருந்து எடுத்துட்டு என்ற பேர்ல எழுதச் சொல்லுங்க. உங்க பெரியவங்க இதைக் கேப்பாங்கல்ல? ஐயா, கேக்கறீங்களா? இந்தப் பொண்ணு வேலை நல்லாத் தெரிஞ்ச பொண்ணுங்க. அது எடுத்த படிப்பு சரியான படிப்புத்தானுங்க.

…ஆங். கேக்குதுங்க.

சரீங்க. இனிமே கூப்புட மாட்டேன். நெசமாவே நெட்டு நின்னாலும் கூப்புட மாட்டனுங்க.

…இல்லீங்க. வேற உதவி ஒண்ணும் வேண்டாமுங்க.

வெச்சுட்டா.

முடிஞ்சுதுங்க தம்பி. என்ன சொன்னான்னா? கம்ப்ளைண்ட்டை முடிச்சாச்சு சார்னு சொன்னா. பொய்க் கம்ப்ளைண்ட் குடுத்தா கனெக்‌ஷனை நிறுத்துவோம்னு விதியைச் சொன்னா. வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டா. அதை மட்டும் ரெண்டு தடவை கேட்டாளுங்க. அப்பான்னு ஒரு வார்த்தை வரலை. வரக்கூடாதுங்க தம்பி. ட்யூட்டியில இருக்கறால்ல.

நீங்க கெளம்புங்க, அடுத்த வீட்டுல நெசமாவே நெட்டு வராமக் காத்துட்டிருப்பாங்க.